சண்டையைத் தீர்க்கும் கருவி: விதி முதலில், நிரல் பிறகு

கார்டு விளையாட்டில் சச்சரவு வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: இரண்டு கார்டுகள் மோதும்போது. எது முதலில் அடித்தது, எது செத்தது, யாருக்கு எத்தனை உயிர்ப் புள்ளி போனது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அந்த இடத்தில் நடுவராக நிற்கும் ஒரு சிறிய நிரலை எழுதுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

ஆலங்குளம் வட்டாரத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவர்களையும் அவர்களுக்குத் துணை நிற்கும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. செயற்கூறு, பட்டியல், அகராதி இந்த மூன்றும் தெரிந்தால் போதும், வேறு எதுவும் தேவையில்லை. 2011 முதல் அரசு கொடுத்துவந்த மடிக்கணினி அண்ணனிடமோ அக்காவிடமோ இருந்தால் அதிலேயே எழுதலாம். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பைத்தான் ஓட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கூட்டல் கழித்தல் எளிது, வரிசைதான் கடினம். எது எதற்கு முன் நடக்கிறது என்பதைத் தமிழில் தெளிவாக எழுத முடிந்தவர் நிரலையும் எழுதிவிடுவார்.

படி 1: ட்ரம்ப் கார்டில் தொடங்குங்கள்

மல்யுத்த வீரர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று ஒவ்வொரு கார்டிலும் எண்கள் இருக்கும். ஒருவர் ஒரு வரியைச் சொல்வார், மற்றவர் தன் கார்டில் அதே வரியைக் காட்டுவார். பெரிய எண் ஜெயிக்கும்.

நிரலாக எழுத உட்கார்ந்ததும் இரண்டு கேள்விகள் எழும். முதலாவது ரேங்க். அதில் மட்டும் சிறிய எண்தான் ஜெயிக்கும். ஆகவே 'பெரியது ஜெயிக்கும்' என்று பொதுவாக எழுதிவிட முடியாது. ஒவ்வொரு வரிக்கும் பெரியது வெற்றியா சிறியது வெற்றியா என்ற குறிப்பைத் தரவோடு சேர்த்தே வைக்க வேண்டும். இரண்டாவது, எண் சமமாக வந்தால் என்ன செய்வது? ஒரு தெருவில் இரண்டு கார்டையும் நடுவில் போட்டு அடுத்த ஆட்டத்தில் ஜெயிப்பவர் அள்ளிக்கொள்வார். இன்னொரு தெருவில் சொன்னவருக்கே வெற்றி. இரண்டும் சரிதான். ஆனால் நிரலுக்கு ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

விளையாடுபவர்களைக் கூட்டி உட்காரவைத்து, சமம் வந்தால் என்ன என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, எல்லாரையும் படிக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கருவியின் முதல் பகுதி. அதன் பெயர் விதித்தாள்.

படி 2: வரிசை மாறினால் விடை மாறும்

1996-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கார்டு விளையாட்டு அடுத்த பாடத்துக்கு ஏற்றது. தாக்கும் கார்டுக்கு ஓர் அடிப்படை அடி உண்டு. தடுக்கும் கார்டு, தாக்கும் கார்டின் வகைக்குப் பலவீனமானது என்றால் அடி இரட்டிப்பாகும். கூடவே அடியைக் கூட்டும் துணைக் கார்டுகளும் உண்டு.

அடிப்படை அடி 50, துணைக் கார்டு 20 கூட்டுகிறது, எதிராளிக்குப் பலவீனம் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கூட்டிப் பிறகு பெருக்கினால் 140. முதலில் பெருக்கிப் பிறகு கூட்டினால் 120. தாக்குபவர் பக்கக் கூட்டல் முதலில், பலவீனம் அடுத்து, எதிர்ப்பு (தாக்கும் வகையின் அடியைக் குறைக்கும் தன்மை) அதற்கு அடுத்து, தடுப்பவர் பக்கக் கழித்தல் கடைசியில் என்பதுதான் விளையாட்டின் விதி. எனவே 140 சரி. தடுப்பவரிடம் 20 குறைக்கும் விளைவு இருந்தால் அது இந்த 140-இல் கழிந்து 120 ஆகும்.

இந்த நான்கு நிலைகளையும் ஒரே கோவையாக எழுதிவிடாதீர்கள். நான்கு தனி வரிகளாக எழுதி, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அப்போதைய எண்ணைத் திரையில் காட்டுங்கள்.

படி 3: முழுச் சண்டையின் ஐந்து படிகள்

இப்போது பெரிய விளையாட்டுக்கு வருவோம். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993-இல் வெளியிட்டது 'மேஜிக்: தி கேதரிங்'. சேகரித்து மாற்றிக்கொள்ளும் கார்டு விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப் புள்ளி. ஒவ்வோர் உயிரினக் கார்டிலும் இரண்டு எண்கள் இருக்கும்: எவ்வளவு அடிக்கும், எவ்வளவு தாங்கும்.

அதன் முழு விதிநூல் இருநூறு பக்கத்தைத் தாண்டும். நமக்கு வேண்டியது அதில் 506 முதல் 511 வரையுள்ள சண்டைப் பகுதி மட்டுமே. அது ஐந்து படிகளாக நடக்கிறது:

1. சண்டை தொடங்குகிறது.
2. தாக்குபவர் எந்தெந்தக் கார்டு தாக்கும் என்று அறிவிக்கிறார்.
3. தடுப்பவர் எந்தக் கார்டு எதைத் தடுக்கும் என்று அறிவிக்கிறார்.
4. அடி விழுகிறது.
5. சண்டை முடிகிறது.

முதல் படியிலும் ஐந்தாம் படியிலும் நம் கருவிக்கு வேலை இல்லை. இரண்டிலும் மூன்றிலும் அறிவிப்பு விதிப்படி செல்லுமா என்று பார்க்கிறது. நான்காம் படியில்தான் அதன் உயிர் இருக்கிறது.

படி 4: நம் மலைக் கார்டுகள்

பழகிப்பார்க்கக் கடைக் கார்டு வேண்டாம். சார்ட் அட்டையை வெட்டி நீங்களே செய்யுங்கள். மேற்கே தெரியும் மலையிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்திலும் வாழும் உயிர்களே போதும். சொந்தமாகச் செய்த அட்டையில் இன்னொரு நன்மையும் உண்டு. தோற்றவர் கார்டை ஜெயித்தவர் எடுத்துக்கொள்ளும் பழக்கம் தானாக நின்றுவிடும். சீட்டு என்றதும் முகம் சுளிக்கும் வீட்டாருக்கும் இதில் பந்தயம் இல்லை என்பது புரியும்.

முதல் எண் அடி, இரண்டாம் எண் தாங்கு:

- கரடி 3/3, சிறப்புத் திறன் இல்லை.
- யானை 5/5, மிதிப்பு. தடுத்தவரைக் கொல்லத் தேவையானது போக மிஞ்சிய அடி எதிர் ஆட்டக்காரருக்குப் போகும்.
- செந்நாய் 3/1, முந்தடி. மற்றவருக்கு முன்பே அடிக்கும்.
- ராஜநாகம் 1/2, நஞ்சு. ஒரு புள்ளி அடி பட்டாலே எதிரி சாகும்.
- இருவாச்சி 2/2, பறத்தல். பறப்பதும் எட்டுவதும் மட்டுமே இதைத் தடுக்கலாம்.
- சிங்கவால் குரங்கு 1/3, எட்டல். மரக்கிளையில் இருப்பதால் பறப்பதையும் தடுக்கும்.

மேஜிக்கில் இந்தத் திறன்களை டிராம்பிள், ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக், டெத்டச், ஃப்ளையிங், ரீச் என்று கார்டிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நிரலில் ஒவ்வொரு கார்டையும் ஓர் அகராதியாக வையுங்கள். பெயர், அடி, தாங்கு, திறன்களின் பட்டியல், இதுவரை பட்ட அடி, தடுக்கப்பட்டதா என்ற குறி ஆகிய ஆறும் அதில் இருக்கட்டும். கடைசிக் குறி எதற்கு என்பது படி 7-இல் விளங்கும்.

படி 5: அடி விழும் படியை வாக்கியமாக எழுதுங்கள்

கணினியைத் திறக்குமுன் விதித்தாளில் இதை எழுதுங்கள்:

1. முந்தடி உள்ள கார்டு ஒன்றாவது சண்டையில் இருந்தால் அடி இரண்டு சுற்றாக விழும். இல்லையென்றால் ஒரே சுற்று.
2. இந்தச் சுற்றில் அடிக்கப்போகிறவர்களின் பட்டியலை எடு. முதல் சுற்றில் முந்தடிக் கார்டுகள் மட்டும். இரண்டாம் சுற்றில் உயிரோடு மிஞ்சிய மற்றவை.
3. யார் யாருக்கு எத்தனை புள்ளி என்று தனியே குறித்துக்கொள். இன்னும் எவர் கணக்கிலும் சேர்க்காதே.
4. குறித்தவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்.
5. பட்ட அடி தாங்கும் அளவை எட்டியிருந்தால் அந்தக் கார்டு செத்தது. நஞ்சுள்ள கார்டிடம் ஒரு புள்ளியாவது பட்டிருந்தாலும் செத்தது.
6. ஆட்டக்காரர் உயிர் 0 அல்லது அதற்குக் கீழ் போயிருந்தால் அவர் தோற்றார்.

மூன்றையும் நான்கையும் பிரித்து எழுதியிருப்பதைக் கவனியுங்கள். இந்தப் பிரிவினை இல்லாத நிரலில், பட்டியலில் முதலில் இருக்கும் கரடி அடித்ததுமே எதிர்க் கரடி செத்துவிடும். செத்த கரடி திருப்பி அடிக்காது. விதிப்படி இரண்டும் ஒரே நேரத்தில் அடிப்பதால் இரண்டும் சாக வேண்டும்.

படி 6: நிரல்

மிதிப்புக் கணக்குக்கு அடிப்படை ஒரு சிறிய செயற்கூறு: இந்தக் கார்டைக் கொல்ல இன்னும் எத்தனை புள்ளி வேண்டும்? முத்து அண்ணாமலை 2007-இல் உருவாக்கத் தொடங்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் இதை அப்படியே தமிழில் எழுதலாம். எழில் பைத்தானின் மேல் கட்டப்பட்டது, கட்டற்ற மென்பொருள்.

நிரல்பாகம் கொல்லும்_அளவு(தாங்கு, பட்டது, நஞ்சு)
    மீதி = தாங்கு - பட்டது
    @(மீதி < 1) ஆனால்
        மீதி = 0
    முடி
    @(மீதி > 1 && நஞ்சு == 1) ஆனால்
        மீதி = 1
    முடி
    பின்கொடு மீதி
முடி

இங்கே 'நஞ்சு' என்பது அடிப்பவரிடம் நஞ்சு உண்டா என்பது. உண்டென்றால் 1, இல்லையென்றால் 0. முந்தைய சுற்றில் பட்ட அடியையும் கழிக்கிறோம், ஏனென்றால் ஏற்கெனவே அடிபட்டதைக் கொல்லக் குறைவாகவே போதும்.

பைத்தானில் எழுதுவோரும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம். பைத்தான் 3 அதை ஏற்கிறது. விதித்தாளில் 'தாங்கு' என்று எழுதிவிட்டு நிரலில் வேறு பெயர் வைத்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் படிப்பவருக்குச் சிரமம்.

விதிகள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2009-இல் மேஜிக் தன் சண்டை விதிகளைத் திருத்தியபோது, பல கார்டுகள் சேர்ந்து ஒன்றைத் தடுத்தால் அவற்றை வரிசைப்படுத்தி அந்த வரிசையிலேயே அடியைப் பங்கிட வேண்டும் என்ற முறை வந்தது. 2024 நவம்பரில் 'ஃபவுண்டேஷன்ஸ்' தொகுப்போடு அந்த முறை நீங்கியது. இப்போது தாக்குபவர் விரும்பியபடி பங்கிடலாம். அடியைப் பங்கிடும் பகுதியைத் தனிச் செயற்கூறாக வைத்திருந்தவர்கள் அதை மட்டும் மாற்றினால் போதும். நீங்களும் அப்படியே வையுங்கள்.

படி 7: ஒரு சண்டை, வரி வரியாக

யானை தாக்குகிறது. செந்நாயும் ராஜநாகமும் சேர்ந்து தடுக்கின்றன. தடுப்பவர் உயிர் 20. உங்கள் கருவி காட்ட வேண்டியது இது:

தாக்குவது: யானை 5/5 மிதிப்பு
தடுப்பவை: செந்நாய் 3/1 முந்தடி, ராஜநாகம் 1/2 நஞ்சு
சுற்று 1: செந்நாய் யானைக்கு 3. யானை இன்னும் 2 தாங்கும்.
செத்தவை: இல்லை
சுற்று 2: யானை செந்நாய்க்கு 1, ராஜநாகத்துக்கு 2, ஆட்டக்காரருக்கு 2.
சுற்று 2: ராஜநாகம் யானைக்கு 1, நஞ்சு.
செத்தவை: யானை, செந்நாய், ராஜநாகம்
ஆட்டக்காரர் உயிர்: 20, இப்போது 18

மூன்றும் செத்தன, ஆட்டக்காரருக்கு 2 போனது. முடிவை மட்டும் காட்டியிருந்தால், 'நாகம் செத்த பிறகு எப்படிக் கடித்தது?' என்று கட்டாயம் கேட்பார்கள். இரண்டாம் சுற்றில் இரண்டும் ஒரே நேரத்தில் அடித்தன என்பது பதிவைப் படித்தாலே தெரிந்துவிடும். நம் பக்கத்துப் பீடிக் கடைகளில் கொடுத்த இலை, தூளையும் வாங்கிய பீடியையும் பாஸ் புத்தகத்தில் குறித்துக் காட்டுவதுபோலத்தான் இதுவும். கணக்கை வரி வரியாகக் காட்டினால்தான் எதிரில் இருப்பவர் அதை ஏற்பார். பதிவில்லாத கருவி சச்சரவைத் தீர்க்காது, கணினியோடும் சேர்த்துச் சச்சரவு செய்யவைக்கும்.

இன்னொரு சண்டை. கரடி தாக்குகிறது, செந்நாய் தடுக்கிறது. அடி விழுமுன் தாக்குபவர் ஒரு மந்திரக் கார்டைப் போட்டுச் செந்நாயை அகற்றிவிடுகிறார். இப்போது கரடியின் எதிரில் யாரும் இல்லை. 3 புள்ளி ஆட்டக்காரருக்குப் போகுமா? போகாது. ஒருமுறை தடுக்கப்பட்ட கார்டு, தடுத்தவர் மறைந்தாலும் தடுக்கப்பட்டதாகவே இருக்கும். கரடியின் அடி யாருக்கும் விழாது. அதுவே யானையாக இருந்தால் மிதிப்பு இருப்பதால் 5 புள்ளியும் போகும்.

தடுப்பவர்களின் எண்ணிக்கை 0 என்பதை வைத்து 'தடுக்கப்படவில்லை' என்று முடிவுகட்டும் நிரல் இங்கே தவறும். அதற்காகத்தான் 'தடுக்கப்பட்டதா' என்ற குறியைத் தனியே வைக்கச் சொன்னேன். சண்டையின் மூன்றாம் படியில், தடுப்பு அறிவிக்கும்போது, அந்தக் குறியைப் போடுங்கள். சண்டை முடியும்வரை அதை மாற்றாதீர்கள்.

படி 8: கையால் கணக்கிட்டுச் சோதியுங்கள்

கீழுள்ள ஏழையும் முதலில் தாளில் போட்டுப் பார்த்து, பிறகு கருவியில் ஓட்டுங்கள். தடுப்பவர் உயிர் ஒவ்வொன்றிலும் 20-இல் தொடங்குகிறது.

1. கரடி தாக்குகிறது, தடுப்பவர் இல்லை. உயிர் 17.
2. கரடியைக் கரடி தடுக்கிறது. இரண்டும் சாகும். உயிர் 20.
3. கரடியைச் செந்நாய் தடுக்கிறது. கரடி மட்டும் சாகும்.
4. கரடியை ராஜநாகம் தடுக்கிறது. இரண்டும் சாகும்.
5. யானையைக் கரடி தடுக்கிறது. கரடி சாகும், உயிர் 18. யானை 3 புள்ளி அடியோடு பிழைக்கும்.
6. கரடியைத் தடுத்த செந்நாய் அகற்றப்படுகிறது. உயிர் 20.
7. இருவாச்சியைக் கரடி தடுக்க முயல்கிறது. கருவி அதை மறுக்க வேண்டும்.

நிரலில் எதை மாற்றினாலும், ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும்கூட, ஏழையும் மறுபடி ஓட்டுங்கள். புதுத் திறன் ஒன்றைச் சேர்த்தால் அதற்கென்று எட்டாவது சோதனையை எழுதுங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஃபோர்ஜ், எக்ஸ்மேஜ் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் மேஜிக் விதிகளைக் கணினியே செயல்படுத்தும் வகையில் ஆர்வலர்கள் ஜாவாவில் எழுதியவை, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விசார்ட்ஸ் நிறுவனமே நடத்தும் 'அரீனா' 2021 முதல் கைப்பேசியிலும் கிடைக்கிறது.

படி 9: எங்கே நிறுத்துவது

கருவி சரியாக ஓடியதும், எப்படித் தாக்கினால் நல்லது என்றும் அதுவே சொல்லட்டுமே என்ற ஆசை வரும். செய்யலாம், ஆனால் வழிகளை எண்ணிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். தாக்கக்கூடிய கார்டு 5 இருந்தால் தாக்கும் விதம் 32. ஐந்தும் தாக்க, எதிரில் 3 கார்டு இருந்தால், ஒவ்வொன்றும் ஐந்தில் ஒன்றைத் தடுக்கலாம் அல்லது சும்மா இருக்கலாம். ஆக 6 × 6 × 6 = 216 வழி. இந்த அளவைக் கைப்பேசியே நொடியில் முடித்துவிடும். கார்டு கூடக்கூட எண்ணிக்கை மளமளவென்று ஏறும்.

முழு மேஜிக்கையும் தீர்க்கும் கருவி எழுதுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பிடர்மன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, மேஜிக் ஆட்டத்துக்குள் ஒரு முழுக் கணினியையே அமைக்க முடியும் என்று நிறுவியது. ஆகவே எந்த நிலையைக் கொடுத்தாலும் ஜெயிப்பவர் யார் என்று தவறாமல் சொல்லும் ஒரு நிரலை எவராலும் எழுத முடியாது. சண்டை மட்டும், அதிலும் விதித்தாளில் எழுதிய திறன்கள் மட்டும் என்று எல்லை போட்டுக்கொள்வதே திறமையான வேலை. தெரியாத திறன் வந்தால் கருவி ஊகிக்கக் கூடாது. 'இந்தத் திறனுக்கு விதி இல்லை' என்று சொல்லி நிற்க வேண்டும்.

ஆலங்குளத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில், மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோ ஊழியர்கள் உலகத்துக்கு மென்பொருள் எழுதுகிறார்கள். அங்கோ வேறெங்கோ நாளை வேலைக்குப் போக நினைக்கும் மாணவர் கையில் ஒரு விதித்தாளும், அதோடு பொருந்தும் நிரலும், ஏழு சோதனைகளும் இருந்தால், தன்னால் என்ன முடியும் என்பதை அதை வைத்தே விளக்கலாம்.

பயிற்சி

1. இருமுறை அடிக்கும் திறனைச் சேருங்கள். அந்தக் கார்டு முதல் சுற்றிலும் அடிக்கும், பிழைத்தால் இரண்டாம் சுற்றிலும் அடிக்கும். விதித்தாளில் எந்த வாக்கியம் மாறுகிறது என்று முதலில் குறியுங்கள்.
2. அடித்த புள்ளி அளவுக்குத் தன் ஆட்டக்காரரின் உயிர் ஏறும் திறனைச் சேருங்கள். உயிர் 2 உள்ளவருக்கு ஒரு கரடி 3 அடிக்கிறது. அதே சுற்றில் அவருடைய கார்டு 3 அடித்து உயிரைக் கூட்டுகிறது. அவர் தோற்கிறாரா? அடியும் ஏற்றமும் சேர்ந்து நடந்த பிறகே தோல்வியைப் பார்க்க வேண்டும், ஆகவே 2-இலேயே பிழைக்கிறார். உங்கள் நிரலும் அதையே சொல்கிறதா?
3. யானைக்கு நஞ்சும் இருந்தால் படி 7-இன் முதல் சண்டையில் ஆட்டக்காரருக்கு எத்தனை புள்ளி போகும்? விடை 3. கொல்லும்_அளவு செயற்கூறு ஒவ்வொரு தடுப்பவருக்கும் என்ன எண்ணைத் திருப்பியது என்று எழுதுங்கள்.
4. உங்கள் விதித்தாளை, இந்த விளையாட்டே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, சோதனை 5-ஐக் கையால் தீர்க்கச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் நின்று யோசிக்கிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டு, நிரலிலும் அதே இடத்தைப் பாருங்கள்.